சிரிப்புக்குத் தேதி போட்டவர்

என் வீட்டுக்காரர் தேதி போடாமல் எதையும் எழுதமாட்டார். அது லொறியில் ஏறிய பிறகு வந்த பழக்கம். ராகலைக் கடைவீதியில் ஒரு முதலாளியிடம் அவர் லொறிக் கிளீனராக இருந்தார். தோட்டங்களில் தேயிலைப் பெட்டி ஏற்றி ஸ்டேசனில் இறக்குவது, திரும்பும்போது அரிசி, உரம், கருவாடு என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு வருவது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, இடம், என்ன சரக்கு என்று மூன்றையும் வரிசையாக எழுதி முதலாளியிடம் காட்ட வேண்டும். அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தனக்கென்று கறுப்பு மட்டை போட்ட சின்னக் கொப்பி ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதிலும் அதே வரிசைதான்: தேதி, இடம், என்ன. ஆனால் சரக்கு இருக்க வேண்டிய இடத்தில் வழியில் பார்த்த பலகை இருக்கும்.

கொட்டகலையில் ஒரு தேநீர்க்கடை: "இங்கே டீ சுத்தமானது. பக்கத்துக் கடையில் விசாரிக்கவும்." ராகலையில் ஒரு சவரக்கடை: "முடி வெட்டப்படும். அரசியல் பேசப்படமாட்டாது." பூண்டுலோயா போகிற வழியில், ஒரு வளைவில் குந்தியிருந்த சின்னப் பிள்ளையாரின் உண்டியல்: "இந்த வளைவில் விழுந்த லொறி மூன்று. விழாத லொறிகள் காணிக்கை போடவும்." அட்டனில் ஒரு போட்டோ பிடிக்கிற கடை: "உயிரோடு இருப்பவர்களும் படம் எடுத்துக்கொள்ளலாம்." அந்தக் காலத்தில் எங்கள் ஆள்கள் படம் எடுப்பதென்றால் யாராவது செத்தால்தான். பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்து, இந்தியாவிலுள்ள சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். கல்யாண ஜோடிகள் கடைக்குள் வரப் பயந்திருப்பார்கள் போல. அதனால்தான் அந்த மனுஷன் அப்படி எழுதிவைத்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு சொல் சேர்க்கமாட்டார். பிழையைக்கூடத் திருத்தமாட்டார். இருப்பதை இருக்கிறபடி எழுதிக்கொண்டு வந்து, நான் அடுப்படியில் ரொட்டி தட்டும்போது, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பார். நான் சிரித்து முடிக்கும்போது ஒரு ரொட்டியாவது கருகியிருக்கும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வாயும் கொஞ்சம் நீளம். அதெல்லாம் அவர் கொப்பியைத் திறக்கும் வரைதான். இது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

பெயர்களிலும் எங்களுக்கு அதே விளையாட்டு. எங்கள் தோட்டத்து வாசலில் இங்கிலீசில் ஏதோ ஒரு சீமை மலையின் பெயரை எழுதியிருந்தார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் துரையும் கிளாக்கரும்தான். எங்களுக்கு அது முழங்கால் தோட்டம். ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், மேல்மலைக் கொழுந்துக்கு ஒரு தடவை போய்விட்டு வரச் சொல்வோம். திரும்பி வந்த பிறகு யாரும் கேட்டதில்லை. அடுத்த மலையில் இருந்தது அழுகுணித் தோட்டம். அங்கே வருஷத்தில் எட்டு மாதம் மழை. அங்கிருந்து பெண் எடுத்தவர்கள் அந்தப் பெயரை அந்தப் பெண்ணுக்கே வைத்துவிடுவார்கள். நான் அங்கிருந்து வந்தவள்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரஜாவுரிமை என்ற சொல் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, எங்களைப்போல இந்திய வழி வந்த தோட்டத்து ஆள்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. வேண்டுமானால் மனுப் போடலாம். இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்தோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும். நடுவில் இந்தியாவுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தால் எல்லாம் கெட்டது. என் வீட்டுக்காரர் இந்த மலையில் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர். ஆனால் பிறந்ததற்கு எழுத்து இல்லை. நானும் மகளும் அவர் மனுவோடு கட்டப்பட்டவர்கள். அவருக்குக் கிடைத்தால் எங்களுக்கும் உண்டு, இல்லையென்றால் மூன்று பேருக்கும் இல்லை.

அவர் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, அந்த லொறி வருஷங்கள். அப்போது அவர் பெயர் தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் இல்லை. முதலாளியோ கடையை மூடிவிட்டுத் தெற்கே காலி ஊர்ப் பக்கம் போய்விட்டார். வேலை செய்ததற்குக் கடிதம் வாங்க ஆள் இல்லை. இரண்டாவது ஓட்டையை நாங்கள் வெளியில் சொல்வதே இல்லை.

மகள் தவழுகிற வயதில், அவருடைய தகப்பனாருக்கு உடம்பு முடியவில்லை என்று இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. மாமனார் வயதான காலத்தில் சொந்த ஊரைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று இவர் போனார். பதினான்கு மாதம் கழித்து வந்தார். முதலில் கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்று வந்தது. பிறகு அதுவும் இல்லை. நான் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவேன். புருஷன் ஓடிப்போனவள் என்று பக்கத்துக் காம்பராவில் பேசியது என் காதில் விழும்படிதான் பேசினார்கள். அவர் வரும் நாளில் என்ன கேட்பது என்று மலையில் தேயிலைச் செடி வரிசையில் நிரை பிடித்து நிற்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து, முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் வந்து வாசலில் நின்றார். மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் படியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துவிட்டார்.

"இத மட்டும் கேட்டுட்டு அப்புறம் திட்டு" என்றார்.

துறையூரில் ஒரு மிட்டாய்க் கடை: "ஈ மொய்க்காத லட்டு. மொய்த்தால் காசு வாபஸ்." நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். துறையூர்ச் சாலையோரம் ஒரு பலகை: "இங்கே பஸ் நிற்காது. காத்திருப்பவர்கள் உட்கார பெஞ்சு உபயம், மளிகைக் கடை." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிரித்துவிட்டேன். பதினான்கு மாதக் கோபம் முழுவதும் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அன்று இரண்டு பேருக்கும் ரொட்டி சுட்டேன். ஏன் இவ்வளவு நாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. தகப்பனார் கிடையாய்க் கிடந்திருப்பார், செத்தபின் காரியங்கள் இருந்திருக்கும் என்று நானே ஒரு பதிலைச் செய்து வைத்துக்கொண்டேன்.

மனு எழுதிக்கொடுத்தவர் கடைவீதியில் மேசை போட்டிருந்த ஒருவர். பதினான்கு மாதம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூணு மாசம்னு போடுறேன். இந்தியாவுக்குப் போனவங்க எல்லாரும் மூணு மாசந்தான் போனாங்க" என்றார். என் வீட்டுக்காரர் போன காலத்தில் இந்தியாவுக்குப் போய்வர முத்திரை குத்திய புத்தகம் எதுவும் கிடையாது. பார்த்தவர் யார்? நாங்களும் தலையாட்டினோம். பொய் என்று எனக்கு உறுத்தவே இல்லை. பிறந்த இடத்தில் இருப்பதற்கு மனுப் போடச் சொல்வதைவிட அது பெரிய பொய்யாக எனக்குப் படவில்லை.

மனுப் போட்டுச் சில வருஷம் கழித்துத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவர் தோட்டத்திலேயே லொறி ஓட்டுகிறவராக ஆகியிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் காலை பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கிளம்பினோம். கறுப்புக் கொப்பியை அவருக்குத் தெரியாமல் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். லொறி வருஷங்களுக்கு எழுத்து கேட்டால் காட்டலாம் என்பது என் யோசனை. தேதி, இடம் எல்லாம் அதில் இருக்கிறது. இதைவிட என்ன எழுத்து வேண்டும்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பயம் இருந்தால் எங்களுக்குச் சிரிப்பு கூடுதலாக வரும். கந்தப்பளை தாண்டியதும் கோவா போட்ட ஒரு காய்கறித் தோட்டத்தில் குருவி விரட்டும் வெருளி ஒன்று நின்றது. யாரோ ஒரு துரை கழித்துப்போட்ட கோட்டு, கழுத்தில் டை, தலையில் தொப்பி. பனிக்குள் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் ஜன்னல் வழியாக அதற்கு ஒரு சலாம் வைத்தார்.

"சம்பளம் கெடையாது. இருந்தாலும் பாரு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நேரத்துக்கு வந்து நிக்கிறாரு" என்றார்.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் கொண்டுவந்த கடிதங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து எண்ணிப் பார்த்தார். ஞானஸ்நானக் கடிதம் இல்லை, நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். தடுப்பூசி போட்ட துண்டு ஒன்று, தோட்டத்துக் கிளாக்கர் கொடுத்த கடிதம் ஒன்று, பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்று. அவ்வளவுதான் ஒரு மனுஷன் இந்த மண்ணில் இருந்ததற்கு அடையாளம்.

விசாரணை ஒரு பழைய பங்களாவில். விறாந்தை முழுக்க எங்கள் ஆள்கள். மடியில் தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட சிங்களப் பெரியவர் ஒருவர் விசாரணைக்காரராக இருந்தார். பக்கத்தில் எங்கள் பேச்சை இங்கிலீசில் சொல்லிக்கொடுக்க யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். என்னை உட்காரச் சொல்லி நாற்காலி காட்டினார்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த அறையில் யாரும் எங்களுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை.

இந்தியா போன கதையை மூன்று மாதம் என்று சொல்லி முடித்தோம். விசாரணைக்காரர் எழுதிக்கொண்டார். பிறகு லொறி வருஷங்களுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார்: "முதலாளியின்ரை கடிதம் இல்லை எண்டால், வேறை எழுத்திலை ஏதும் இருக்கோ?"

என் வீட்டுக்காரர் இல்லையென்று தலையை ஆட்டுவதற்குள் நான் பையைத் திறந்தேன். "இருக்குங்க ஐயா" என்று கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அது வேணாம் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பெரிய மனுஷர்கள் முன்னால் இந்த விளையாட்டையெல்லாம் காட்டுவதா என்று கூசுகிறார் என்று நினைத்தேன். "தேதி போட்டு எழுதியிருக்காருங்க. எந்தெந்த ஊருக்கு லொறி போச்சோ எல்லாம் இருக்கு" என்று நான்தான் அழுத்திச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துக்காரர் கொப்பியைப் பிரித்து, முதல் வரியை வாசித்துவிட்டு, என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "உதென்ன, சந்தி சந்தியாப் போய்ப் பலகை பாத்தனீரோ?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. விசாரணைக்காரருக்கு அதை இங்கிலீசில் சொன்னார். அவரும் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, வாசியுங்கள் என்று கையைக் காட்டினார்.

ஆவணி, கொட்டகலை, தேநீர்க்கடை. புரட்டாசி, பூண்டுலோயா, பிள்ளையார். ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றையும் இங்கிலீசில் சொன்னார். பிள்ளையார் உண்டியலுக்கு விசாரணைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்தவர் போட்டோக் கடைக்கு வாசற்படியில் நின்ற பியூன்கூடச் சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் விசாரணைக்காரர் காகிதத்தின் ஓரத்தில் தேதியைக் குறித்துக்கொண்டே வந்தார். எழுதுகிறாரே, நல்லதுதான், லொறி ஓட்டை அடைபட்டது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசி, துறையூர், லட்டு. அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இந்தியா என்றார் இவர். அந்த மூன்று மாதம்தானே என்று விசாரணைக்காரர் தலையை ஆட்டினார். தேதியைக் குறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தைத் திருப்பி அடுத்த தேதியையும் வருஷத்தையும் வாசித்தார். சித்திரை, துறையூர், பெஞ்சு. வாசிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டியது. இங்கிலீசில் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, மறுபடி சிரித்துவிட்டுச் சொன்னார். விசாரணைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என்னைவிட அந்தப் பலகைக்கு அதிகம் சிரித்தவர்கள் யார்?

விசாரணைக்காரர் சிரித்தபடியே தேதியைக் குறிக்கப் போனவர் பேனாவை நிறுத்தினார். மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். கீழே பார்த்தார். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். யாழ்ப்பாணத்துக்காரரின் முகம் அப்போதே மாறிவிட்டது. தான் வாய்விட்டு வாசித்தது என்ன என்று அவருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

அந்தப் பலகை அந்தக் கொப்பியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எல்லாப் பலகைகளிலும் எனக்குப் பிடித்தது அதுதான். மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் எனக்கு அது ஒரு சிரிப்பு. அதற்கு ஒரு ஊர் உண்டு, ஒரு தேதி உண்டு, அந்தத் தேதியில் அவர் எங்கே இருந்தார் என்று அது சொல்லும் என்பது ஒரு நாளும் என் மண்டையில் ஏறவில்லை. பொய்யைப் பத்திரமாக மனுவில் எழுதிவைத்துவிட்டு, உண்மையை நானே பையில் போட்டுச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரர் எங்களைக் கைவிடவில்லை. விசாரணைக்காரர் கேட்ட கேள்வியைத் தமிழில் சொல்லும்போதே பதிலையும் சேர்த்துக் கொடுத்தார். "பதினாலு மாசம் ஏன் நிண்டனீர் எண்டு ஐயா கேக்கிறார். தகப்பன் கடுமையான வருத்தமாய்க் கிடந்தவர், விட்டிட்டு வர ஏலாமல் போச்சு. அப்பிடித்தானே?"

ஆமாங்க என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றார் அவர். "அப்பா ரெண்டாம் மாசமே போயிட்டாங்க. சித்தப்பா கொஞ்சம் நெலம் இருக்கு, பாத்துக்கிட்டு இருன்னாரு. அங்கயே இருந்துடலாம்னு நெனச்சேங்க."

யாழ்ப்பாணத்துக்காரர் இதை உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். விசாரணைக்காரரும் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"பெண்சாதி பிள்ளை இஞ்சை இருக்கேக்கையோ எண்டு கேக்கிறார்."

"கூப்பிடலாமா வேணாமான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேங்க."

அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வேணாமா என்ற அந்தச் சொல்லை, பக்கத்துக் காம்பராக்காரர்கள் பதினான்கு மாதம் என் காதில் போட்டதை, அவர் வாயால் அரசாங்கத்துக்கு முன்னால் கேட்கிறேன்.

"பிறகு ஏன் திரும்பி வந்தனீர்?"

அவர் கொப்பியைக் காட்டினார். "இந்தப் பெஞ்சு போர்டப் பாத்தேங்க. ரோட்டுல நின்னு தனியா சிரிச்சேன். அத சொல்றதுக்கு அங்க எனக்கு ஆளு இல்ல. மறுநாளே கெளம்பிட்டேங்க."

யாழ்ப்பாணத்துக்காரர் இதை இரண்டு மூன்று இங்கிலீசுச் சொல்லில் முடித்துவிட்டார். எனக்குப் புரிந்தது 'வைஃப்' என்ற ஒன்றுதான். விசாரணைக்காரர் நெடுநேரம் எழுதினார். பிறகு கொப்பியை எங்கள் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி, இது இங்கே இருக்க வேண்டும் என்றார். நாங்கள் எழுந்து வெளியே வரும்போது, விசாரணைக்காரர் எங்களுக்குத் தலையைக் குனிந்து விடைகொடுத்தார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்குள் இரண்டு ஆத்திரம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. என்னையும் பிள்ளையையும் விட்டுவிட நினைத்த மனுஷனைச் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். ஆனால் அவரை மாட்டிவிட்டவள் நான். எந்த முகத்தோடு கேட்பது? கந்தப்பளை வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன்.

"ஒரு பொய் சொன்னா என்னங்க கொறஞ்சுபோவுது?" என்றேன்.

"அவ்வளவு நேரமும் நான் எழுதினது நெசம்னு நம்பித்தான சிரிச்சாங்க. அதுக்கப்புறம் பொய் சொல்ல வாய் வரல."

"எங்கிட்ட ஏன் இத்தன வருஷமாச் சொல்லல?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்த அன்னைக்கே சொல்லணும்னுதான் வந்தேன். நீ சிரிச்சிட்ட. அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மகள் ஓடிவந்து, கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். கடிதம் வரும் என்றேன்.

கடிதம் ஏழு மாதம் கழித்து வந்தது. இங்கிலீசில் இருந்ததால் பள்ளிக்கூடத்து மாஸ்டரிடம் கொண்டுபோனோம். மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் இரண்டு: ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டில் இல்லாதது, இந்தியாவிலேயே தங்கிவிட எண்ணியதாக மனுதாரர் தாமே ஒப்புக்கொண்டது. மூன்று பேரும் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆனது. மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

கடைவீதி மேசைக்காரரிடம் நான் போகவில்லை. இந்தத் தடவை நானே தமிழில் எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், இருந்தாலும் எழுதினேன். அவர் அங்கே தங்கிவிட நினைத்தது உண்மை என்று எழுதினேன். அங்கே இருக்க முடியாமல் வந்ததும் உண்மை என்று எழுதினேன். அதைச் சொன்னதும் அதே வாய்தான், அதே நாள்தான். முதலாவதை எழுதிக்கொண்ட ஐயா இரண்டாவதை ஏன் எழுதிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். இங்கிலீசில் மாற்றிக்கொடுத்த மாஸ்டர், இந்த மாதிரியெல்லாம் கேட்கக்கூடாது, அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவிடவில்லை. அந்த வரியைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

அதுவும் தள்ளுபடியானது. மாஸ்டர் வாசித்துச் சொன்னதை வாசலில் நின்று கேட்டுவிட்டு, நாங்கள் லயத்துக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்றார்.

"அவங்க நம்பல, சரி. நான் உனக்காகத்தான் வந்தேன்னு நீயாவது நம்புறியா?" என்று கேட்டார்.

நம்புறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.